குடி நீங்கா நிலம்

தமிழில் ‘குடி’ என்னும் சொல்லுக்குள்ள பொருட்செறிவு வியக்கத்தக்கது. குடும்பம் குடி எனப்படும். ஊரார் குடிகள் எனப்படுவர். நாட்டுக்கு உரியோர் குடிமக்கள் ஆவர். விளைச்சலில் உழுதவன் பெறும் பங்கு குடிவாரம். நிலத்தின் மேல் உரிமையுடையோன் பெறும் பங்கு மேல்வாரம். இன்று நாம் வாடகை என்று வழங்குவதற்கும் குடிக்கூலி என்னும் பழம்பெயர் உண்டு. இச்சொற்களை ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குடி என்பது உடைமையைக் குறிக்க எழுந்த சொல் அன்று; ஓரிடத்தில் ஊன்றி வாழ்தலைக் குறிக்க எழுந்த சொல். ஒருவன் ஓரிடத்தில் வாழ்கிறான் என்பதும், அவ்விடம் அவனுடையது என்பதும் வேறு வேறு செய்திகள் என்பதைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது.

இவ்விரண்டிற்கும் இடையே உள்ள உறவு யாது? நெடுங்காலம் வாழ்ந்ததாலும் உழைத்ததாலும் ஒருவனுக்கு ஓரிடத்தின் மீது உரிமை பிறக்குமா? பிறக்குமாயின் எவ்வளவு? பிறக்காதாயின், அவனை நினைத்தபோது எழுந்து போகச் சொல்வது அறமாகுமா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். இது நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய வினா அன்று. வாடகை வீட்டில் வாழும் ஒவ்வொருவரும், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஒவ்வொருவரும் நாள்தோறும் தம் நடத்தையால் விடை சொல்லிக்கொண்டிருக்கும் வினா.

கல்வெட்டு தரும் இரு சொற்கள்

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிலம் வழங்கிய செய்திகள் மிகப் பல. அவற்றுள் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்றும், ‘குடிநீக்கிய தேவதானம்’ என்றும் இருவகை குறிக்கப்படும். நிலத்தின் மேலுரிமை கைமாறும்போது, அங்கு முன்னமே உழுது வாழ்ந்த குடிகள் அப்படியே இருப்பரா, அகற்றப்படுவரா என்பதை ஆவணமே சொல்லிவிடும். குடிகளை அகற்றியதும் உண்டு என்பதையும் இச்சொற்களே காட்டுகின்றன. ஆதலால் அக்காலத்தைப் பொற்காலம் என்று புனைந்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். நிலம் கைமாறும்போது குடி என்னாவது என்னும் கேள்வியை அவர்கள் கேளாமல் விடவில்லை. கொடுப்பவர், பெறுபவர் என்னும் இருவரோடு, அங்கு வாழ்பவர் என்னும் மூன்றாமவரும் கல்லில் இடம்பெற்றார்.

பிற்காலத்துத் தொண்டை மண்டலத்தில் இதே வேறுபாடு மற்றொரு வடிவில் விளங்கியது. ஊரின் காணியாட்சியுடையோர் மிராசுதாரர் எனப்பட்டனர். அவர்தம் நிலத்தை உழுத பாயகாரிகள் உள்குடி என்றும் பரகுடி என்றும் இருவகைப்பட்டனர். உள்குடி ஊரிலேயே நிலைத்து வாழ்பவன். உரிய பங்கை அளந்துவரும் வரை வழிவழியாக நிலத்தில் தொடரும் வழக்குரிமை அவனுக்கு உண்டு. பரகுடி வெளியூரிலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் உழுபவன். தவணை முடிந்தால் அவன் உறவும் முடியும். தமிழன்பர் எல்லீசர் 1818இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய நூல் இம்முறைமைகளை ஆங்கிலேய அரசுக்கு விளக்க எழுந்ததே.

இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குக. இருவரும் உழுதனர், இருவருமே நிலத்தை உடையவர் அல்லர். உள்குடிக்கு இருந்து பரகுடிக்கு இல்லாதது எது? ஊன்றிய வாழ்வும், அதனால் விளைந்த எதிர்பார்ப்புமே. ‘நாளையும் இங்கேயே இருப்போம்’ என்று நம்பி ஒருவன் கிணறு தோண்டுகிறான், மரம் நடுகிறான், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறான். அந்நம்பிக்கையை மற்றவர்கள் பல்லாண்டு கண்டும் மறுக்காதிருந்தனர். மறுக்கப்படாத நம்பிக்கை மெல்ல மெல்ல வழக்குரிமையாகிறது.

உழுபவனும் உடையவனும்

வள்ளுவர் உழவு அதிகாரத்தில், சென்று பாராது வாளா இருக்கும் உரியவனிடம் நிலம் மனைவியைப் போல ஊடும் என்னும் கருத்தைச் சொல்கிறார். உடைமை என்பது பத்திரத்தோடு முடிவதன்று, பேணுதலும் வேண்டும் என்பது அதன் உட்கிடை. மேனாட்டில் ஜான் லாக் (1632–1704) இதனை வேறு வழியில் சொன்னார். யாருக்கும் உரியதாகாத ஒன்றில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்பது அவர் கொள்கை. கேட்கும்போது உழுபவனுக்கே நிலம் என்பது போலத் தோன்றும். ஆனால் அதே இடத்தில், தம் பணியாள் வெட்டிய புல்லும் தமக்கே உரியது என்று அவர் எழுதிச் செல்கிறார். உழைப்பு உரிமை தரும். ஆயினும் பணியாளின் உழைப்பு எசமானுக்கு உரிமை தரும்! உலகெங்கும் நிலவுரிமை பற்றிய சிந்தனை இடறி விழுந்த இடம் இதுவே.

நம் நாட்டில் இப்பழி துடைக்கச் சட்டங்கள் எழுந்தன. தஞ்சைப் பண்ணைகளில் குத்தகை உழவர்க்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு உண்டு என்று உறுதி செய்தது 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். நான்கே ஆண்டுகளில், 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டத்தால், நன்செய்யில் உடையவர் பெறத்தக்கது ஐந்தில் இரண்டு பங்கு என்று கணக்கு தலைகீழாயிற்று. 1980இல் அதுவும் கால்பங்காகக் குறைந்தது. பங்கின் அளவு மாறியதைவிடப் பார்வை மாறியதே பெரிது. ‘உழுபவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்’ என்று கேட்டவர்கள், ‘உழாதவன் எவ்வளவு கேட்கலாம்’ என்று கேட்கத் தொடங்கினர்.

நாம் வாழும் கருநாடகத்தில் இவ்வரலாறு இன்னும் விரைந்து நடந்தது. கன்னடத்தில் குத்தகைக்குக் ‘குத்திகெ’ என்றும் ‘கேணி’ என்றும் பெயர். விளைவில் பங்கிடுவது அங்கும் ‘வார’மே. சொற்கள் உடன்பிறந்தவை, துயரும் அவ்வாறே. 1951இல் சிவமொக்கா மாவட்டத்துக் காகோடு என்னும் சிற்றூரில் குத்தகை உழவர் கிளர்ந்தெழுந்தனர். குத்தகை நெல்லை அளக்கும் படியின் அளவு பற்றி எழுந்த பூசல் அது. லோகியா அங்கு வந்து சிறை புகுந்தார். ‘உழுபவனே வயலுக்கு உடையவன்’ என்னும் கன்னட முழக்கம் நாடெங்கும் ஒலித்தது. தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராய் இருந்தபோது கருநாடக நிலச்சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டது. 1974 மார்ச்சு 1 முதல், குத்தகையில் இருந்த நிலங்கள் அரசைச் சேர்ந்தன. உழுதுவந்தவர் படிவம் 7இல் விண்ணப்பித்து, தாலூக்கா தோறும் அமைந்த நிலத் தீர்ப்பாயத்தின் வாயிலாக உடைமை பெறலாயினர். விண்ணப்பிக்கும் காலம் 1979 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. படைவீரர், கடலோடிகள் போன்றோரை விடுத்து, இனி எவரும் வேளாண் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது என்பதும் சட்டமாயிற்று.

இச்சட்டத்தால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் பல. ஆயினும் அறநோக்கில் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. முதலாவது, நிலம் இழந்தோர் எல்லாரும் பெருநிலக்கிழார் அல்லர். இரண்டு ஏக்கரைப் பக்கத்து வீட்டானிடம் குத்தகைக்கு விட்டுப் பிள்ளைகளை வளர்த்த கைம்பெண்ணுக்கும் ஆயிரம் ஏக்கர் உடையவர்க்கும் சட்டம் ஒரே அளவுகோலை வைத்தது. இரண்டாவது, குத்தகையைத் தடை செய்ததால் குத்தகை ஒழிந்துவிடவில்லை; அது வாய்ச்சொல்லுக்குள் மறைந்துகொண்டது. ஏட்டில் உடையவன் பெயர், வயலில் வேறொருவன் வியர்வை. 2019இல் தொடங்கப்பெற்ற பிரதமர் உழவர் நிதியுதவித் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. நிலம் உடைய குடும்பத்திற்கே தருகிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவனுக்கு அதுவும் இல்லை. அண்டை மாநிலமான ஆந்திரம் 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றி, உழுபவனுக்கு ஒரு சான்றட்டையேனும் தர முயன்றது இக்குறையை உணர்ந்ததனாலேயே.

ஹெப்பகோடி காட்டும் உண்மை

நான் குடியிருக்கும் ஹெப்பகோடி, ஆனேக்கல் தாலூக்காவில், ஒசூர்ச் சாலையின் மீது அமைந்த ஊர். கேழ்வரகு விளைந்த நிலம். ஒருபுறம் மின்னணு நகரமும் மறுபுறம் பொம்மசந்திரத் தொழிற்பேட்டையும் எழுந்தபின் ஊரின் முகம் மாறிற்று. 2025 ஆகஸ்டு 11 முதல் மெட்ரோ தொடர்வண்டியும் ஓடுகிறது. விளைநிலங்கள் மனைகளாயின, மனைகளில் ஐந்து மாடிகள் எழுந்தன. ஒவ்வொரு மாடியிலும் தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த நம்மவரும், ஒடிசா, பீகார் மாநிலத்தவரும் குடியிருக்கின்றனர். சந்துகளில் வரிசையாக ஓரறை ‘லைன் வீடு’கள். கழிப்பறை பொது, தண்ணீர்த் தொட்டி பொது, வாடகை மட்டும் தனித்தனி.

எங்கள் வீட்டுக்காரரின் பாட்டனார் குத்தகை உழவராய் இருந்து, தீர்ப்பாயத்தின் வாயிலாக நிலம் பெற்றவர். பெயரனார் இன்று பன்னிரண்டு குடித்தனங்களுக்கு உடையவர். நல்லவர், மாதத்தின் ஐந்தாம் நாள் வாடகைக்குப் புன்னகையோடு வருபவர். உழுபவனுக்கே நிலம் என்னும் அறத்தால் உயர்ந்த குடும்பம், வாழ்பவனுக்கே வீடு என்று சொன்னால் நடுங்கும். நடுங்குவது இயல்பு. அவர் முரண்படுகிறார் என்று நான் கருதவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து.

எவ்வாறு ஒன்றல்ல? உழவன் நிலத்தோடு தன் உழைப்பைச் சேர்க்கிறான்; அவ்வுழைப்பின்றி விளைவே இல்லை. வீட்டில் குடியிருப்பவனோ பிறர் உழைப்பாலும் பொருளாலும் எழுந்த ஒன்றைத் துய்க்கிறான். பத்தாண்டு துய்த்ததாலேயே ஒரு பொருள் தனதாகிவிடும் என்றால், வீட்டை வாடகைக்கு விட எவரும் முன்வாரார். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின்கீழ், சென்னையிலும் மும்பையிலும் வாடகை உறைந்து கிடந்த கட்டடங்கள் செப்பமிடுவாரின்றி இடிந்ததை நாம் அறிவோம். பூட்டிய வீடுகளும் வீடற்ற மக்களும் ஒரே தெருவில் இருக்கும் நிலைக்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாடு 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை விலக்கி, 2019 பிப்ரவரி முதல் புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்தியதற்கும் இதுவே பின்னணி.

இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. மனை ஒருவருடையது, அதன்மேல் கட்டிய வீடு மற்றொருவருடையது. கோயில் நிலங்களில் ‘அடிமனை வாடகை’ என்று இதனை வழங்குவர். சென்னையில் இவ்வாறு வீடு கட்டி வாழ்ந்தோரை முதல் உலகப்போருக்குப் பின் நிலமேறிய விலையைக் கண்ட மனைக்காரர்கள் வெளியேற்ற முயன்றபோது, சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் 1922இல் நடைமுறைக்கு வந்தது. நியாயமான வாடகை செலுத்தும்வரை அகற்றப்படமாட்டோம் என்று நம்பியே அவர்கள் கட்டினர் என்பதை அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. கட்டியவர்க்கு ஈட்டுத்தொகையோ, மனையை நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு வாங்கும் வாய்ப்போ கிடைத்தது. சமய நிறுவனங்களின் நிலங்கள் 1996இல் இச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றில் வாழ்வோரின் வழக்குகள் இன்றும் ஓயவில்லை. தொண்டை மண்டலத்து உள்குடிக்கு இருந்த அதே அறம் இங்கும் பேசுவதைக் காணலாம்: ஒருவன் கொண்ட நியாயமான எதிர்பார்ப்பும், அதனை நம்பி அவன் சேர்த்த உழைப்பும்.

போக்கியம் என்னும் நம்பிக்கை

பெங்களூரில் வாடகையோடு மற்றொரு முறையும் பெருவழக்காய் உள்ளது. மதுரைப் பக்கம் ‘ஒத்தி’ என்பர். வடமாவட்டங்களில் ‘போக்கியம்’ என்பர். கன்னடரும் ‘போக்ய’ என்றே சொல்வர். இன்று எல்லாரும் ‘லீசு’ என்கின்றனர். ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றி வாழ்ந்து, போகும்போது கொடுத்த தொகையை அப்படியே திரும்பப் பெறுவது இம்முறை. எடுத்துக்காட்டாக, மாதம் 8,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டிற்கு 10 இலட்சம் கொடுப்பதாகக் கொள்வோம். அத்தொகையை வங்கியில் இட்டால் 7 விழுக்காட்டில் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வட்டி. வாடகையோ ஆண்டுக்கு 96,000. குடியிருப்பவர்க்கு ஊதியம் 26,000. வீட்டுக்காரர்க்கோ, வங்கி வாசலை மிதிக்காமல் பத்து இலட்சம். இருவரும் மகிழ்கின்றனர். கொரியாவில் ‘சான்சே’ என்னும் பெயரில் இதே முறை நாடளாவிய வழக்கமாக உள்ளது.

ஆனால் இம்முறை முழுவதும் ஒரே தூணின் மீது நிற்கிறது. வாங்கிய தொகையைத் திருப்பித் தர வீட்டுக்காரரால் முடிய வேண்டும். பெரும்பாலோர் அதனைச் செலவிட்டுவிடுகின்றனர். அடுத்த குடித்தனக்காரர் தரும் தொகையிலிருந்தே முன்னவருக்குத் தருகின்றனர். அடுத்தவர் வாராவிடின்? வீடு முன்னமே வங்கியில் அடமானத்தில் இருப்பின்? வங்கி ஏலம் விடும் நாளன்றுதான் குடியிருப்பவர்க்குச் செய்தி தெரிகிறது. கொரியாவில் இவ்வாறு தொகை இழந்தோர் பெருகியதால் 2023இல் அவர்க்கெனத் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

நம் சட்டத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அனுபவ அடமானம் என்று இதனை அறிந்திருக்கிறது. நூறு ரூபாய்க்குக் குறையாத கடனுக்கான இத்தகைய அடமானம் சான்றாளர் இருவரோடு பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது. நடப்பில் என்ன செய்கிறோம்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு வேண்டும் என்பதால், பதினொரு மாதம் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்கிறோம். பதிவுக் கட்டணம் மிச்சம் என்று இருதரப்பும் மகிழ்கிறோம். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவனுக்குக் கையிலுள்ள சான்று அத்தாள் ஒன்றே. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பெங்களூரின் நெடுநாள் வழக்கத்திலும் இதே அச்சம் சிறிய அளவில் உண்டு. நடுவணரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டிற்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது; மாநிலம் ஏற்றுக்கொண்டாலன்றி அது வெறும் மாதிரியே.

இங்கு அறம் என்ன சொல்கிறது? பிறர் வாழ்விற்கு அடித்தளமாகத் தந்த பொருளை, தன் பொருளாகக் கருதிச் செலவிடுவது முறையன்று. குடியிருப்பவன் வீட்டைத் தனதாகக் கருதிவிடக்கூடாது என்று எச்சரிக்கும் நாம், வீட்டுக்காரர் அவன் பணத்தைத் தமதாகக் கருதிவிடக்கூடாது என்று சொல்ல மறக்கிறோம். போக்கியத்தில் இருவருமே உடைமையாளர்; இருவருமே குத்தகைதாரர்.

இருவர் எழுதிய தாள், மூன்றாமவர் வாழ்வு

குத்தகையின் மிகப் பெரிய அறச்சிக்கல் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட இருவரிடையே எழுவதன்று. கையொப்பமிடாத மூன்றாமவரிடத்தே எழுவது. 1898இல் பிரிட்டன் சீனத்திடமிருந்து ஆங்காங்கின் புதுப்பகுதிகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1997இல் தவணை முடிந்தபோது அங்காங்கு வாழ்ந்த அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களில் எவரும் அத்தாளில் கையொப்பமிட்டவர் அல்லர்.

அத்துணைத் தொலைவு செல்ல வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி சமீனிடமிருந்து எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் மலைக்காட்டைப் பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. சமீன் ஒழிப்பிற்குப் பின் மேலுரிமை அரசுக்கு வந்தது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர் கீழ்நாட்டிலிருந்து மலையேறிய தொழிலாளர். தலைமுறை தலைமுறையாய் அங்கேயே பிறந்து, லைன் வீடுகளில் வளர்ந்து, அங்கேயே மண்ணாயினர். கூலி உயர்வு கேட்டு 1999 சூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தாமிரபரணி ஆற்றில் பதினேழு உயிர்கள் போயின. குத்தகைத் தவணை 2028இல் முடிகிறது. இடமோ இன்று புலிகள் காப்பகத்தின் பகுதி. 2024இல் நிறுவனம் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்தவேண்டும் என்ற வேண்டுகோளை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. காடு காடாக மீள்வதே முறை என்பது தீர்ப்பின் போக்கு.

காடு மீள்வதை நான் எதிர்க்கவில்லை. தாமிரபரணியின் நீர் அக்காட்டின் கொடை. கீழே உள்ள வயல்களும் ஊர்களும் அதனை நம்பியவை. நிறுவனத்தின் மீதும் சட்டப்படி குற்றம் காண இயலாது; தவணை முடியவிருக்கிறது, போகிறது. ஒவ்வொருவரும் தத்தம் அளவில் முறையாகவே நடந்தனர். அப்படியிருந்தும் ஒரு கூட்டம் தான் பிறந்த மண்ணில் அயலாராய் நிற்கிறதே, அது எங்ஙனம்? 1929இல் தாள் எழுதியவர்கள், காட்டை யார் திருத்துவர், அவர்கள் எங்கே வாழ்வர், தவணை முடிந்தபின் எங்கே போவர் என்று ஒரு வரி எழுதவில்லை. ஆயிரமாண்டுக்கு முன் கல்வெட்டு எழுதியவன் கேட்ட கேள்வியை, ஆங்கிலச் சட்டம் படித்தவர் கேட்கவில்லை. குடி நீங்குமா, நீங்காதா?

நெடுந்தவணை இதற்குத் தீர்வாகாது. முல்லைப் பெரியாற்றுக்கு 1886இல் எழுதிய குத்தகை 999 ஆண்டுகளுக்கு உரியது. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. எண்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1970இல், அதனை முப்பது ரூபாயாகத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஆயிரமாண்டை ஒரு தலைமுறையால் கட்டிவைக்க முடியாது. சிங்கப்பூரின் கேலாங்கில் அறுபதாண்டுக் குத்தகையில் இருந்த 191 வீடுகள் 2020 டிசம்பர் 31 அன்று தவணை முடிந்து அரசிடம் திரும்பின. அங்கு முடியும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. வாழ்ந்தோர் ஆயத்தமாகக் காலம் இருந்தது. தவணையின் நீளத்தைவிட, முடிவை முன்னறிவிக்கும் நேர்மையே மேலானது.

நிற்கும் பயிர்

சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் மிக அழகிய ஒரு விதி உண்டு. காலவரையறை உறுதியாகாத குத்தகை, குத்தகைதாரரின் குற்றமின்றி முடிவுறுமாயின், அவர் நட்டு நிலத்தில் நிற்கும் பயிர் அவருக்கே உரியது. அதனை அறுத்துச் செல்ல வந்துபோகும் வழியும் அவருக்கு உண்டு. நிலம் உன்னுடையதன்று, ஆனால் நீ விதைத்தது உன்னுடையது. அறுக்கும் வரை வாயில் திறந்திருக்கும். வறண்டதென்று நாம் கருதும் சட்டநூலுக்குள் இத்தகைய கருணை ஒளிந்திருக்கிறது.

என் விடை இவ்விதியிலிருந்தே பிறக்கிறது. நெடுங்காலம் வாழ்ந்ததாலேயே உடைமை பிறந்துவிடாது. ஆனால் ஒருவன் ஓரிடத்தை நம்பி விதைத்தது எதுவோ அது அவனுடையது. அதனை அறுக்கும் காலம் வரை அவனை விட்டுவைக்கும் கடமை உடையவர்க்குப் பிறக்கிறது. பயிர் வயலில் மட்டும் நிற்பதில்லை. ஆண்டின் நடுவில் பள்ளி செல்லும் பிள்ளையின் படிப்பு, நிற்கும் பயிர். நிறைமாதமாய் இருக்கும் பெண்ணின் வயிறு, நிற்கும் பயிர். தெருமுனையில் பெயர் நிலைநாட்டிய தையற்கடை, நிற்கும் பயிர். வாடகையை இரண்டாயிரம் உயர்த்தித் தரும் புதியவர் ஒருவர் வந்தார் என்பதற்காக நவம்பரில் வீட்டைக் காலி செய்யச் சொல்வது, கதிர் முற்றாத வயலில் மாட்டை அவிழ்த்துவிடுவதை ஒக்கும். சட்டம் இதனைக் குற்றம் என்னாது. அறம் என்னும்.

இதனோடு சேர வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, நிலமோ வீடோ கைமாறும் ஒவ்வோர் ஆவணத்திலும் அங்கு வாழ்பவர் என்னாவர் என்பது எழுதப்பட வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்றாண்டு அங்கு வாழ்ந்து உழைத்த குத்தகையாளரையும் வேளாண் கூலிகளையும் பாதிக்கப்பட்டோராக ஏற்றது. மூன்றாமவர் மீண்டும் ஏட்டில் இடம்பெற்றார். இதனைத் தனியார் விற்பனைக்கும் வங்கி ஏலத்திற்கும் விரிக்க வேண்டும். மற்றொன்று, கடமை ஒருதலைப்பட்சமானது அன்று. அதே 108ஆம் பிரிவு, அறிவுள்ளவன் தன் பொருளை எவ்வாறு பேணுவானோ அவ்வாறே குடியிருப்பவன் பேணவேண்டும் என்கிறது. ‘நம் வீடா என்ன’ என்று குழாயை ஒழுக விடுபவனும், வாடகை பாக்கியை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தைக் கேடயமாக்குபவனும் நிற்கும் பயிர் பற்றிப் பேசத் தகுதியற்றவர். ஓய்வூதியத்தை முழுதும் போட்டு ஒரே ஒரு வீடு கட்டி, அதன் வாடகையால் மருந்து வாங்கும் முதியவர்க்கும் ஒரு பயிர் உண்டு.

அரசு ஊழியராகிய எங்களைப் போன்றோர்க்கு இது எளிதில் விளங்கும். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி என்று ஒரு வரி உண்டு. 2024 சனவரி முதல் பெங்களூர் போன்ற பெருநகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் அது 30 விழுக்காடு. அரசுக் குடியிருப்பில் இருப்போர் ஓய்வு பெற்றபின் குறித்த காலத்திற்குள் வெளியேற வேண்டும். நாற்காலியும் அவ்வாறே, இன்று நாம் எழுதும் கோப்பில் நாளை மற்றொருவர் குறிப்பெழுதுவார். ஆயினும் நாற்காலி நம்முடையதன்று என்பதற்காக வேலையை எவரும் பாழாக்குவதில்லை. ஓய்வுபெறும் நாளன்று எவரையும் பிற்பகலில் தெருவில் தள்ளுவதுமில்லை. முன்னறிவிப்பு, கணக்குத் தீர்த்தல், விடை கொடுத்தல் என ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் கொள்ளலாகாதா?

நம்முன்னோர் கல்லில் வெட்டிய சொல்லை நாம் முத்திரைத்தாளிலேனும் எழுதுவோம். அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் எழுதும்போது, உடையவராயினும் குடியிருப்பவராயினும், மூன்று வரிகளைச் சேர்த்துக் கேளுங்கள். வீடு விற்கப்பட்டால் குடி என்னாவது என்பது ஒன்று. கொடுத்த தொகைக்கு எது பிணை என்பது இரண்டு. பள்ளியாண்டு முடியும் முன் வெளியேற்றல் இல்லை என்பது மூன்று. இம்மூன்றுக்கும் செலவு இரண்டு சொட்டு மை. எழுத மறுப்பவரிடம் வீடு எடுக்கவேண்டா. எழுதித் தந்தவரின் வீட்டைத் தம் வீட்டினும் மேலாகப் பேணுக.